மூக்கறுந்த மோட்டார்

ஏழாவது அத்தியாயம்

"அண்ணாச்சி, பூதக்கண்ணாடிய எடுத்துக்கிடலியா?" என்று கேட்டாள் லீலாபாய்.

"அது பூஜையில இருக்கு பிள்ளே."

"நல்லாருக்கே! துப்பறியப் போற மனுஷன் கண்ணைக் கழத்திச் சாமிகிட்ட வச்சிட்டுப் போறாராக்கும்."

தாணுப்பிள்ளை மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்று சரஸ்வதி பூஜை. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று, கன்னி மாதம். சாலைக் கடைத்தெருவில் தராசும் படியும் முழக்கோலும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தன. இரும்புக்கடை மாடியிலிருந்த தாணுப்பிள்ளையின் அறையிலும் அதே கதைதான். அஷ்டமியன்று பட்டுத்துணிக்கு அடியில் போன பூதக்கண்ணாடியும் டைப்ரைட்டரும் விஜயதசமிக் காலையில்தான் வெளியே வரும். அதுவரை தொழில் ஆயுதத்தை விரலால்கூடத் தொடக் கூடாது. "இந்த ஊர்ல கொலைகாரன்கூட ரெண்டு நாளு கத்தியத் தொடமாட்டான்" என்று லீலாபாய் கேலி பண்ணுவாள். அவள் மார்த்தாண்டத்துக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள். சொல்லாததையும் சேர்த்து அடிப்பாள்.

டைப்ரைட்டர் பூஜையில் இருந்தால் அவளுக்கு லீவு. ஆனால் இந்த வருஷம் லீவு கெட்டது. காரணம், எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜபாய்.

அழுது தீர்த்துவிட்ட முகம் ராஜபாய்க்கு. அவள் புருஷன் சத்தியதாஸ், கரமனை வக்கீல் அனந்தபத்மநாபய்யரின் கார் டிரைவர். முந்தின நாள் ராத்திரியிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் இருந்தான். அஷ்டமி சாயங்காலம், விழிஞ்ஞம் ரோட்டில் திருவல்லம் வளைவுக்கு அப்பால், கருப்பட்டிக் கூடையோடு நடந்து வந்த முத்தாரம்மாள் என்ற கிழவியை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கால் முறிந்துவிட்டது.

"அந்தக் கெழவியத் தூக்கி மாட்டுவண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே எங்க வீட்டுக்காரராக்கும் அண்ணாச்சி," என்றாள் ராஜபாய். "இடிச்சவன் ஓடில்லா போவான்? தூக்கவா வருவான்?"

"ஓடிப்போயி மனசு கேக்காமத் திரும்பி வந்தவனும் உண்டும்மா," என்றார் தாணுப்பிள்ளை.

"அப்பம் இடிச்சேன்னாவது சொல்லணும், இல்லேன்னாவது சொல்லணும். ரெண்டுமே சொல்லமாட்டேங்காவ. நான் போயி கேட்டா எம் மொகத்தப் பாக்காம செவத்தப் பாக்காவ."

இன்ஸ்பெக்டரோ விஷயத்தை முடித்தே விட்டார். கிழவி ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "மஞ்ச வெயில்ல ஒரு வெள்ளிப் பறவை பறந்து வந்து என்னைத் தட்டிச்சு" என்றாளாம். மூக்கின்மேல் வெள்ளி அன்னம் வைத்த கார் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் உண்டு. காலையில் இன்ஸ்பெக்டர் வக்கீல் வீட்டுக் கார்க் கொட்டகையைத் திறந்து பார்த்தால், கார் இருக்கிறது, அன்னம் இல்லை. முன்னால் பதித்திருந்த பேர் வில்லை இல்லை. பக்கவாட்டில் ஓடிய வெள்ளிப் பட்டைகளும் இல்லை. அடையாளத்தையெல்லாம் யாரோ கழற்றி எடுத்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் மோட்டார் வேலை தெரிந்தவன் ஒருவன்தான். மாட்டுவண்டி ஆஸ்பத்திரி சேர வெகுநேரம் ஆகியிருந்தது. இடித்தான், வீட்டுக்கு ஓட்டினான், கழற்றினான், பிறகு பாவம் உறுத்தித் திரும்பிப் போனான் என்று இன்ஸ்பெக்டர் கதை கட்டிவிட்டார். கோர்ட்டு திறந்ததும் சத்தியதாஸுக்கு ஜெயில், அதற்கப்புறம் எந்த வீட்டிலும் வண்டியைத் தொடவிடமாட்டார்கள்.

"நீ போயி அவருக்குச் சாப்பாடு குடும்மா. நாங்க காரைப் பாத்துட்டு வாறோம்," என்றார் தாணுப்பிள்ளை.

"கண்ணாடி இல்லாமலேயா?" என்றாள் லீலாபாய்.

"ஒன் வாய் இருக்கே. அதைப் பூஜையில வைக்கலியே."

*

வக்கீல் வாசலுக்கே வந்து வரவேற்றார். அதுவே தாணுப்பிள்ளைக்கு அதிசயமாக இருந்தது. அனந்தபத்மநாபய்யர் ஜட்ஜு வந்தாலே பாதி எழுந்திருக்கிற மனுஷர்.

"வாரும், பிள்ளைவாள். சத்தியதாஸ் விஷயமா? பாவம், நல்ல பையன். புத்தி கெட்டுப்போச்சு, ஒரு க்ஷணம். நானே கோர்ட்டிலே நின்னு வாதாடறேன். ஒரு சக்கரக் காசு வாங்கமாட்டேன். அவன் குடும்பத்தையும் நானே பாத்துக்கறேன். ராஜபாயிட்டே சொல்லும், ஒண்ணுக்கும் வெஷமிச்சுக் கவலைப்பட வேண்டாம்னு."

"சாமிக்குப் பெரிய மனசு," என்றார் தாணுப்பிள்ளை.

கொட்டகைக்கு நடக்கும்போது லீலாபாய் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, நாம ஒண்ணுமே கேக்கலியே? இவ்வளவையும் அவராவே எதுக்குக் குடுக்காரு?"

கண்ணுகளா, கேட்காமலே கொடுக்கிற கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சில சமயம் அது எதையோ மறைத்துக்கொண்டிருக்கும். வக்கீல் இரண்டு தடவை தப்புச் சாவியை நுழைத்துவிட்டுத்தான் கொட்டகைக் கதவைத் திறந்தார்.

கருநீலக் கார். வெயில் பட்டுப் பட்டு நீலம் வெளுத்திருந்தது. ஆனால் பட்டை இருந்த இடம் மட்டும் புத்தம்புது நீலமாக, கோடு கிழித்தாற்போல் நீளமாக ஓடியது. முன்னால் வில்லை இருந்த இடத்திலும் முட்டை வடிவில் ஒரு புது நீலம். அதை மறைக்க யாரோ விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்திருந்தார்கள். பூசப் பூச இன்னும் நன்றாகத் தெரிந்தது. அன்னம் நின்ற மூடி இருந்த இடத்தில், தண்ணீர் ஊற்றும் வாய்க்குள், ஒரு பாட்டில் தக்கை.

"மூக்குத்தி கழத்தின மூக்கு மாதிரி இருக்கு," என்றாள் லீலாபாய். "கழத்தினதும்தான் எல்லாருக்கும் தெரியுது, இங்க ஒண்ணு இருந்துச்சுன்னு."

தாணுப்பிள்ளை குனிந்து வில்லை இருந்த இடத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் மூக்கு முட்டுமளவு நெருங்கினார்.

"பிள்ளே, இதில ஒரு கீறலாவது இருக்கா பாரு."

"இல்லை."

"திருப்புளிய நுழைச்சு நெம்பினா பெயிண்டு பொளிஞ்சிருக்கும். நெம்பல. அப்பம் எப்படி எடுத்தான்?" வில்லையின் கால் நுழைந்திருந்த சின்னத் துளையிலிருந்து நகத்தால் எதையோ இழுத்தார். மஞ்சளாக ஒரு இழை.

"வாழைநாரு," என்றாள் லீலாபாய். "பூக்கட்டுற நாரு."

"வெந்நிய ஊத்திப் பசையை இளக்கி, நாரைப் பின்னால குடுத்து இங்கிட்டும் அங்கிட்டும் அறுத்திருக்கான். பொறுமைசாலி."

பிறகு பானெட்டைத் தூக்கினார். பக்கப் பட்டைகளை உள்பக்கமாகச் சின்னச் சின்ன நட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். நட்டுகளை மறுபடி அப்படியே துளைகளில் மாட்டிவைத்திருந்தது கழற்றிய கை. ஒவ்வொரு நட்டின் முனையும் மழுங்கியிருந்தது, சுற்றிலும் கரி.

"கிரீஸ் மசியா?" என்றார் தாணுப்பிள்ளை.

லீலாபாய் விரலால் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தாள். "மசி இல்ல. அடுப்புக்கரி. ஸ்பானரை வச்சு யாராவது சோறு பொங்கினாவளோ என்னமோ."

தாணுப்பிள்ளை மெல்லத் திரும்பினார். காருக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஒரு பலகை. அதன்மேல் ஸ்பானர்கள், திருப்புளி, ஜாக்கி, எண்ணெய்க் குப்பி. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். மேலே செத்திப்பூவும் துளசியும் வாடிக் கிடந்தன. காய்ந்த சந்தனத்தில் ஒரு வெடிப்பு இல்லை. ஒரு பூ நகர்ந்திருக்கவில்லை.

"இந்தப் பூஜை எப்பம் போட்டது சாமி?"

"அஷ்டமி சாயங்காலம், நான் மண்டபத்துக்குக் கச்சேரி கேக்கப் போறதுக்கு முந்தி," என்றார் வக்கீல். "காருக்கும் பொட்டு வைக்கணும்னு காத்துண்டிருந்தேன். கார் வரல்லே. நான் நடந்தே போயிட்டேன்."

தாணுப்பிள்ளை காரின் முன் ஸீட்டைத் தூக்கினார். அடியில் தோல் பை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. சத்தியதாஸின் சொந்தப் பை. அவிழ்த்தார். உள்ளே எல்லா அளவிலும் ஸ்பானர், துடைத்துச் சுத்தமாக. பொட்டும் இல்லை, பூவும் இல்லை.

"இதுக்குப் பூஜை போடலியா?"

"அது அவனோட சொந்தம். அவா வேதக்காரா, அவாள்ளே இதெல்லாம் கிடையாதே."

"கிடையாது," என்று சொல்லித் தாணுப்பிள்ளை ஸீட்டை மெதுவாக இறக்கிவைத்தார். குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல.

*

வக்கீல் கூடத்துக்குப் போனதும் லீலாபாய் பொரிந்தாள்.

"அண்ணாச்சி, இது அந்தச் சத்தியதாஸ் இல்ல. அவரு கையில சொந்த ஸ்பானரு கெடக்கு. எந்தச் சாமியும் அவரத் தடுக்காது. வாழப்பழம் உரிக்கிற நேரத்துல கழத்தியிருப்பாரு. இது பக்கத்துலயே ஆயுதம் இருந்தும் அதைத் தொடப் பயந்த ஆளு."

"குத்தத்தை மறைக்கத் துணிஞ்சவன்," என்றார் தாணுப்பிள்ளை, "பூஜையில வச்ச ஸ்பானரைத் தொடத் துணியல. நானே என் கண்ணாடியத் தொடலியே பிள்ளே. இங்க வந்து நிக்கும்போதுதான் அந்தப் பயம் எவ்வளவு பெருசுன்னு எனக்கே விளங்குது."

"அப்பம் வீட்டுக்குள்ளே உள்ள ஆளு. இருக்கிறதே ரெண்டு பேரு. வக்கீலும் மாமியும். அடுப்புக்கரி, பூக்கட்டுற நாரு. ரெண்டும் அடுக்களைச் சாமானம்."

"நீ போயி மோரு கேளு."

லீலாபாய் கொல்லைப்பக்கம் போனாள். அந்த வீட்டு அடுக்களைக்குள் அவள் கால் வைக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கிணற்றடியில் நின்று, "மாமி, தாகத்துக்குக் கொஞ்சம் மோரு" என்று குரல் கொடுத்தாள்.

பாகீரதியம்மாள் செம்போடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் நேற்றைய பூ எடுக்காமலே வாடியிருந்தது. மோரை ஊற்றும்போது பாதி வெளியே சிந்தியது.

"மாமி, மோருல உப்பு இல்லியே," என்று சிரித்தாள் லீலாபாய்.

"நேத்திலேருந்து எதிலேயுமே இல்லே," என்றாள் பாகீரதியம்மாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

துணி துவைக்கிற கல்லின்மேல் ஒரு இரும்பு இடுக்கி கிடந்தது, சுடுபாத்திரம் இறக்குகிற நீண்ட இடுக்கி. அதன் வாயில் கரியோடு கரியாகக் கறுப்பு மசி பளபளத்தது. பெட்ரோல் வாடை கிணற்றடி வரை வந்தது.

"இது எதுக்கு மாமி வெளியில கெடக்கு?"

"அடுப்படி ஆணியிலேயே தீட்டாயிடுத்து."

"யாரு தொட்டா?"

பாகீரதியம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

லீலாபாய் மோரைக் குடிக்காமலே ஓடிவந்தாள். "அண்ணாச்சி! நட்டைத் திருகினது இடுக்கி! மாமிதான்."

தாணுப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "அந்த இடுக்கிய வேலை முடிஞ்சதும் எங்க வச்சிருந்தாவ?" என்றார்.

"எப்பவும்போல அடுப்புப் பக்கத்து ஆணியிலதான் மாட்டியிருப்பாவ. பொறவு பாத்துட்டு வெளியில எறிஞ்சிருக்காவ..." லீலாபாய் பாதியில் நிறுத்தினாள். கண் விரிந்தது. "அய்யோ."

"சொல்லு."

"ஒரு மாமி பண்டிகை நாள்ல பெட்ரோலு நாறுற இடுக்கியத் தன் அடுப்படியில திரும்ப மாட்டுவாளா? தலையே போனாலும் மாட்டமாட்டா. கொட்டகைக்கே அதைக் கொண்டுபோகமாட்டா. சரஸ்வதிக்குப் பயப்படுற ஆளு, அடுக்களைக்குப் பயப்படாத ஆளு. அடுக்களையில சாப்பிட மட்டும் நுழையுற ஆளு!"

"வா, பிள்ளே," என்றார் தாணுப்பிள்ளை. அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

*

கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புஸ்தகங்கள் அடுக்கிப் பட்டுப் போர்த்தியிருந்தது. வக்கீல் அதற்கு எதிரே சாய்வு நாற்காலியில் இருந்தார். படுத்திருந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்து கிடந்தார்.

"சாமி, கோர்ட்டிலே ஒரு தடவை அரக்கு முத்திரை விஷயத்தில நீங்க ஒரு ஆளைப் பிடிச்சது ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார் தாணுப்பிள்ளை. "முத்திரைய ஒடைக்காமப் பெயர்க்கிறது எப்படின்னு ஜட்ஜுக்கே செஞ்சு காட்டினீங்க. சூடு காட்டி, நூலைப் பின்னால குடுத்து அறுக்கணும்னு. அண்ணைக்கு ஊரே கை தட்டிச்சு."

வக்கீலின் பார்வை புஸ்தக அடுக்குக்குப் போய்த் திரும்பியது.

"வில்லைய எடுத்ததும் அதே வித்தைதான். நூலுக்குப் பதிலா நாரு. ஸ்பானருக்குப் பதிலா இடுக்கி. இன்ஸ்பெக்டர் வீடெல்லாம் தேடியும் அன்னம் அகப்படல. அவரும் நம்மள மாதிரி பூட்ஸைக் கழத்தி, இந்தப் படத்துக்குக் கும்பிடு போட்டுட்டுப் போயிருப்பாரு. பட்டைத் தூக்கிப் பாக்க அவருக்கும் துணிச்சல் இல்ல."

லீலாபாய் அந்தப் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்கின் நடுவே துணி கூம்பாக எழும்பி நின்றது. "அண்ணாச்சி, சட்டப் புஸ்தகத்துக்குக் கழுத்து உண்டுமா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

வக்கீல் எழுந்தார். "போறும், பிள்ளைவாள். நான்தான். காரை ஓட்டினது நான், கிழவியை இடிச்சது நான், கழற்றினதும் நான். சத்தியதாஸை விட்டுடச் சொல்லும். நான் வரேன்."

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களா, செல்லங்களா? தாணுப்பிள்ளைகூட ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்து மேல்துண்டை எடுத்தார். லீலாபாய்தான் நகரவில்லை. கச்சேரிக்கு நடந்தே போன மனுஷர் திருவல்லத்தில் எப்படிக் கார் ஓட்டினார்?

"சாமி, ஒரே ஒரு கேள்வி. கிளட்சை எந்தக் காலால அமுக்குவியளோ?"

"என்ன?"

"கிளட்சு. வண்டி ஓட்டினவருக்குத் தெரியுமே. எந்தக் காலு?"

வக்கீல் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் சாட்சிகளை இப்படித் திணறவைத்தவர். "வலது," என்றார்.

"இடது."

சொன்னது லீலாபாய் இல்லை. குரல் அடுக்களை நிலைப்படியிலிருந்து வந்தது.

பாகீரதியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இடது கால். வலது காலாலே பிரேக்கை அமுக்கணும். நான் அமுக்கினது பக்கத்திலே இருந்ததை. அதனாலேதான் நிக்கல்லே."

வக்கீல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா சத்தியதாஸ்கிட்டே கத்துண்டேன்," என்றாள் அவள். புருஷனைப் பார்க்காமல் சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க கோர்ட்டுக்குப் போனப்புறம் விழிஞ்ஞம் ரோட்டிலே. எப்பவும் பின்னாடியே ஒக்காந்து போயிண்டிருக்கேனே, ஒரு தடவையாவது முன்னாடி ஒக்காந்து எனக்கு வேணுங்கற பக்கம் திருப்பணும்னு ஆசை. நேத்து வெயில் கண்ணிலே அடிச்சுது. கூடை தெரிஞ்சுது, மனுஷா தெரியல்லே. சத்தியதாஸ் 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு கத்தினான். ஒரு பர்லாங்கு தள்ளித்தான் வண்டி நின்னுது. அவன் குதிச்சுத் திரும்பி ஓடினான். நானும் இறங்கி ஓடியிருக்கணும். என் கால் இறங்கல்லே. ஆத்துக்கு ஓட்டிண்டு வந்துட்டேன்."

"எனக்குத் தெரியும்," என்றார் வக்கீல்.

அவள் அப்போதுதான் திரும்பினாள்.

"கச்சேரியிலே இருக்கறச்சே வண்டிக்காரன் வந்து சொன்னான், சத்தியதாஸ் ஆஸ்பத்திரியிலே இருக்கான்னு. வந்து பாத்தா கார் கோணலா நிக்கறது. முன் ஸீட்டிலே உன் தலைப்பூ உதிர்ந்து கிடந்தது. பொறுக்கி எடுத்துட்டேன். அப்புறம் அன்னத்தை. அப்புறம் எல்லாத்தையும். அவனைப் பிடிச்சுண்டு போவான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். தெரியும். நீ லாக்கப்பிலே ஒக்காந்திருக்கறதை நினைச்சேன், கை அது பாட்டுக்குத் திருக ஆரம்பிச்சுடுத்து."

"காலம்பற ஆணியிலே இடுக்கியைப் பாத்தேன்," என்றாள் பாகீரதியம்மாள். "உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. கேப்பேள்னு காத்துண்டிருந்தேன்."

"நீ சொல்லுவேன்னு நானும் காத்துண்டிருந்தேன்."

"மத்தியானம் சாம்பார்லே உப்பே போடல்லே. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்ட்டேளே."

வக்கீல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தாணுப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கடைசியில் தாணுப்பிள்ளைதான் சொன்னார்: "அன்னம் வேணும் சாமி. அது இல்லாம இன்ஸ்பெக்டர் நம்பமாட்டார். மேல்சாதிக்காரங்க டிரைவருக்காகப் பரிதாபப்பட்டுக் கதை சொல்லுதாவன்னு நினைப்பார்."

"இன்னிக்கு நவமி," என்றார் வக்கீல், துண்டுக்குள்ளிருந்து. "நாளைக்குக் காலம்பற பூஜை எடுத்ததும்..."

"ஸ்டேஷன்லே இருக்கறவனுக்கும் இன்னிக்குத்தான் நவமி," என்றாள் பாகீரதியம்மாள்.

அவள் படத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். கை கூப்பினாள். கூப்பிய கை பிரிந்து பட்டுத்துணியின் ஓரத்தைப் பிடித்தது. தாணுப்பிள்ளை தன்னையறியாமல் ஒரு அடி பின்வாங்கினார். பிறந்ததிலிருந்து அவர் பார்த்திராத காரியம் அது. பட்டு விலகிற்று. பூக்கள் சரிந்தன. இரண்டு தடித்த சட்டப் புஸ்தகங்களுக்கு நடுவே, கழுத்தை நீட்டிக்கொண்டு, வெள்ளி அன்னம் நின்றது. அதன் அடியில் வில்லையும் பட்டைகளும்.

"யாரு ஓட்டறது?" என்று கேட்டார் வக்கீல். டிரைவர் ஸ்டேஷனில் இருந்தான்.

பாகீரதியம்மாள் அன்னத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.

*

கரமனைத் தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. நவமியன்று கார் ஓடுகிறது, மூக்கில்லாத கார், ஓட்டுகிறவள் வக்கீலாத்து மாமி, பக்கத்தில் வக்கீல் தலை குனிந்து. பின் ஸீட்டில் தாணுப்பிள்ளை கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். லீலாபாய் வழி நெடுக ஒரு கேலியும் செய்யவில்லை. காளை வண்டி ஒன்று குறுக்கே வந்தபோது பாகீரதியம்மாள் தெருவின் பாதியிலேயே நிறுத்தி, அது கண்ணுக்கு மறைகிறவரை காத்திருந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடினார். மேஜைமேல் அன்னம் நின்றது.

"ஓட்டினது நான்," என்றாள் பாகீரதியம்மாள்.

"கழற்றினது நான்," என்றார் வக்கீல்.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாணுப்பிள்ளை வாழைநாரின் அந்த மஞ்சள் இழையை அன்னத்தின் பக்கத்தில் வைத்தார். விளக்கம் சொல்ல அவசியமே வரவில்லை.

சுவரோரம் பெஞ்சில் சத்தியதாஸ் உட்கார்ந்திருந்தான். சட்டையில் கிழவியின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ராஜபாய், தூக்குப்பாத்திரத்தோடு. சாப்பாடு திறக்கப்படவே இல்லை.

பாகீரதியம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள். "நீ ஏன்டாப்பா சொல்லல்லே? என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

அவன் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் நிற்கும்போது அவன் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

"சொல்லியிருப்பேம்மா," என்றான் சத்தியதாஸ். "நாளைக்கு வெடிஞ்சதும் சொல்லுறதுக்குத்தான் இருந்தேன். ஒங்களுக்கு ஒரு நாளு குடுத்துப் பாத்தேன். நீங்களா வருவியளான்னு."

அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கத்துக்குடுத்தது நானாக்கும். அதனால ஒரு நாளு. அதுக்கு மேல எனக்கும் வீடு இருக்குல்லா?"

ராஜபாய் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாகீரதியம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. "எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்."

"வீட்டுக்கு அப்பறம் போலாம்," என்றான் சத்தியதாஸ். "மொதல்ல ஆஸ்பத்திரி. அந்தக் கெழவி கருப்பட்டிக் கூடை எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்கா. ஒருத்தரும் பதில் சொல்லலே."

"நானும் வரட்டுமா?" என்றாள் பாகீரதியம்மாள்.

சத்தியதாஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வக்கீலை நேராகப் பார்க்க மாட்டாமல், காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா இப்போது எங்கேயும் போக முடியாது. அப்படி உட்காருங்கள். ஐயரும்தான்."

கணவனும் மனைவியும் தெருவில் இறங்கிப் போனார்கள். லீலாபாய் ஓடிப்போய் ராஜபாய் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். தாணுப்பிள்ளை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

பாகீரதியம்மாள் சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்தியதாஸ் இருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அவள் சற்று நகர்ந்து, அந்தச் சூட்டில் பாதியைப் புருஷனுக்கு விட்டாள்.